ஓரத்தில் எழுதியவர்கள்

ஒரே நூலின் இரண்டு படிகள் மேசைக்கு வந்தால் முதலில் இரண்டையும் விரித்து ஓரங்களைப் பார்ப்பேன். தலைப்புப் பக்கமெல்லாம் பிறகுதான். அச்சானது இரண்டிலும் ஒன்றுதான். ஓரத்தில் பென்சிலோ பேனாவோ பட்டிருந்தால் அந்தப் படிக்கு உலகத்தில் ஜோடி கிடையாது. இடம் போதவில்லை, இரண்டில் ஒன்றைக் கழித்துவிடலாம் என்று பேச்சு வரும்போதெல்லாம் நான் சொல்லிவந்தது இதைத்தான்: சுத்தமான படி எங்கிருந்தாவது கிடைத்துவிடும். கிறுக்கியிருக்கும் படியைக் கழித்தால் போனது போனதுதான்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு கல்லூரி நூலகத்தில் நூற்பட்டியல் தயாரிப்பதும் பழைய புத்தகங்களைச் செப்பனிடுவதும் என் வேலையாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் விட்டபாடில்லை. பழைய தமிழ்ப் புத்தகங்கள் எங்களிடம் வந்து சேரும் வழி பெரும்பாலும் ஒன்றே. வீட்டில் பெரியவர் காலமாகியிருப்பார். பிரிக்ஃபீல்ட்ஸிலோ கிள்ளானிலோ உள்ள வீட்டை விற்கப் பேச்சு நடக்கும். பிள்ளைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் படித்தவர்கள். 'சூராட் காபார் லாமா' என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் பழைய பேப்பர் லோரி அந்தத் தெருவுக்குள் திரும்புவதற்குள் நான் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸில், ஸ்காட் ரோட்டுக் கந்தசாமி கோவிலுக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு வீடு. வங்கி ஒன்றில் வேலை பார்க்கும் பெண் கதவைத் திறந்தார். கூடத்தில் ஆறேழு அட்டைப்பெட்டிகள்.

"அங்கிள், இதெல்லாம் தாத்தாவோட புக்ஸ். அப்பாவே தொட்டதில்ல. எனக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது. நல்லதா இருக்கறத மட்டும் எடுத்துக்குங்க. கிறுக்கி வச்சதெல்லாம் லோரிக்குப் போட்டுடலாம்."

"கிறுக்கி வச்சதத்தான்மா நான் கேட்டு வந்தேன்," என்றேன். அவருக்கு வியப்பு. ஒரு புத்தகத்தை விரித்து, தாத்தா என்ன எழுதியிருக்கிறார் என்று வாசித்துக் காட்டியதும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று மாலை வரை பெட்டி எதுவும் நகரவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் இப்படிப்பட்ட வீடுகள் இருப்பதற்குக் காரணம் உண்டு. ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுத்தர் வேலைக்கு ஆங்கிலம் படித்தவர்களை வெள்ளையர் ஆட்சி யாழ்ப்பாணத்திலிருந்து வரவழைத்தது. ஜாலான் ரொசாரியோவை ஒட்டிய நூறு குவார்ட்டர்ஸ் வரிசையிலும் சுற்றுப்புறத்திலும் அவர்கள் குடியேறினார்கள். கோவில் கட்டினார்கள், சபைகள் வைத்தார்கள், ஊரிலிருந்து புத்தகம் தருவித்தார்கள். ஆறுமுக நாவலர் பதிப்புகள், தேவாரத் திரட்டுகள், நன்னூல் உரை, ஆண்டுக்கொரு பஞ்சாங்கம். கிள்ளான் பக்கம் கதை சற்று வேறு. அங்கே தோட்டத்துக் கிராணி வீடுகளிலும் கடைக்காரர் வீடுகளிலும் பெட்டிகள் கிடைக்கும். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ரஜூலா கப்பலில் போர்ட் சுவெட்டன்ஹாமில் வந்திறங்கிய தகரப்பெட்டிகளில் துணிமணியோடு பெரிய எழுத்துக் கதைப் புத்தகமும் இருந்திருக்கிறது. கிராணிகள் கணக்கெழுதிப் பழகியவர்கள். புத்தகத்தின் பின் உள்ளட்டையில் பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, பிள்ளை பிறந்த நட்சத்திரம் எல்லாம் வரிசையாக இருக்கும்.

அந்த ஸ்காட் ரோட்டு வீட்டுத் தேவாரப் பதிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முகப்புத் தாள் இல்லை. முதுகு பிரிந்து தையல் நூல் தெரிந்தது. சம்பந்தரின் கோளறு பதிகம் தொடங்கும் பக்கத்தின் வெளி ஓரத்தில், ஊதா நிறத்தில், சாய்ந்த சிறிய கையெழுத்தில் இவ்வளவுதான் இருந்தது: தாரண, மாசி, சனி, பகலில் குண்டு, எல்லாரும் இருந்து படித்தோம்.

தமிழ் ஆண்டுப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். தாரண ஆண்டு 1884-85இல் வந்தது, மறுபடி 1944-45இல் வந்தது. குண்டு என்றதும் இரண்டாவதுதான் என்று தெரிந்துவிடுகிறது. மாசி மாதம் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை. ஜப்பானியர் கையிலிருந்த கோலாலம்பூர் ரயில்வேயை அந்த ஒரு மாசிக்குள் அமெரிக்க பி-29 விமானங்கள் இருமுறை தாக்கின. பிப்ரவரி 19, மார்ச் 10. முதலாவது திங்கட்கிழமை, இரண்டாவது சனிக்கிழமை. 'சனி' என்ற இரண்டெழுத்தை அவர் எழுதாமல் விட்டிருந்தால் என்னால் அதற்கு மேல் நகர்ந்திருக்க முடியாது. அந்த மார்ச் 10ஆம் தேதித் தாக்குதலில்தான் பழைய செலாங்கூர் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி இடிந்தது. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கூப்பிடு தூரம். அந்த இடத்தில் இன்று நிற்பது 1963இல் திறக்கப்பட்ட தேசிய அருங்காட்சியகம்.

குண்டு விழுந்த நாளைப் பதிவேடுகள் சொல்லும். ரயில் பாதையை ஒட்டிய ஒரு வீட்டில் அன்று என்ன செய்தார்கள் என்பதை இந்த ஓரம் மட்டும்தான் சொல்கிறது. 'படித்தேன்' என்று எழுதவில்லை, 'எல்லாரும் இருந்து படித்தோம்' என்று எழுதியிருக்கிறார். கோளும் நாளும் தீங்கு செய்யாதபடி காக்கும் என்று நம்பி ஓதும் பதிகம் அது. அந்தப் பக்கத்தின் கீழ் மூலை மட்டும் மற்றப் பக்கங்களைவிடக் கறுத்து, விரல் பட்டுப் பட்டு நைந்திருந்தது. ஒரு நாள் மட்டும் திறந்த பக்கம் அப்படி நையாது.

அந்த ஊதா நிறம் காப்பியிங் பென்சிலுடையது. கார்பன் தாள் வைத்து எழுதும் அலுவலகங்களில் அந்நாளில் எங்கும் புழங்கிய பென்சில். காய்ந்திருக்கும்போது சாம்பல் நிறமாகத் தெரியும். ஈரம் பட்டால் ஊதாவாகிப் பரவும். நல்லெண்ணத்தோடு ஈரத்துணியால் துடைத்தால் எழுத்து பக்கம் முழுக்க ஓடிவிடும். செப்பனிடும்போது இந்த ஓரத்தின் பக்கத்தில் நீர்த்த பசையைக் கொண்டுபோகவே கூடாது. கிழிசல் இருந்தால் கோதுமை மாவுப் பசையைக் கெட்டியாகக் காய்ச்சி, மெல்லிய ஜப்பானியத் தாளில் தடவி, அது ஏறக்குறைய உலர்ந்த பிறகு எழுத்தில்லாத பக்கமாக ஒட்டுவேன். மேலே உறிஞ்சு தாளும் எடையும். சிலர் செலோடேப் ஒட்டிவைத்திருப்பார்கள். பழுப்பேறிய அந்தப் பசையைத் தாளிலிருந்து எடுப்பதைப் போலப் பொறுமையைச் சோதிக்கும் வேலை இந்தத் தொழிலில் வேறில்லை.

யார் எழுதியது, எப்போது எழுதியது என்று கண்டுபிடிப்பதுதான் இதில் என்னைக் கட்டிப்போட்ட பகுதி. எழுத்தாணிக்கும் அச்சுக்கும் நம்மிடம் வரலாறு எழுதியவர்கள் இருக்கிறார்கள். சாதாரண மனிதரின் பேனாக் கையெழுத்துக்கு இல்லை. நாமே பார்த்துப் பார்த்துத்தான் கற்க வேண்டும். ணை, லை, ளை, னை என்ற எழுத்துகளின் ஐகாரம் முன்பு யானைத் துதிக்கைபோல் மேலே வளைந்து எழுத்தோடு ஒட்டியிருக்கும். ணா, றா, னா மூன்றுக்கும் தனி வடிவம் இருந்தது. பெரியார் வலியுறுத்திய சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசு 1978இல் ஏற்று ஆணையிட்டது. பின்னர் மலேசியப் பாடநூல்களிலும் அது நுழைந்தது. ஆகவே ஓரக்குறிப்பில் புதிய வடிவம் இருந்தால் அது பெரும்பாலும் அதற்குப் பிறகு எழுதியது. பழைய வடிவம் இருந்தால் மட்டும் அவசரப்படக் கூடாது. பழைய முறையில் பள்ளி படித்தவர் தொண்ணூறு வயதிலும் பழைய வடிவத்தில்தான் எழுதுவார். எழுதியவர் எந்தக் காலத்தில் அரிச்சுவடி கற்றார் என்பதைத்தான் அது காட்டும், எழுதிய நாளை அல்ல.

எழுத்துக் கூட்டலும் பேசும். 'ரிக்கற்', 'மாஸ்ரர்', 'றெயில்வே' என்று எழுதியிருந்தால் யாழ்ப்பாணத்துக் கை. 'டிக்கட்டு' என்றிருந்தால் தமிழ்நாட்டுப் பக்கம். பால்பாயிண்ட் பேனாவில் எழுதியது போர்க்காலத்ததாக இருக்க முடியாது. கிள்ளானில் கிடைத்த ஒரு பாலபாடத்தின் முதல் தாளில் பெயருக்குக் கீழே '2603' என்று இருந்தது. நூலகத்திற்குப் பயிற்சிக்கு வந்திருந்த தம்பி, நூலின் விலையா, வரிசை எண்ணா என்று கேட்டார். ஜப்பானியப் பேரரசு ஆண்டு அது. 660ஐக் கழித்தால் 1943. ஆக்கிரமிப்புக் காலத்தில் மலாயாவில் தேதியே அப்படித்தான் போட வேண்டியிருந்தது. ஒரு சிறுவன் அரிச்சுவடியில் தன் பெயருக்குக் கீழே அந்த ஆண்டை எழுதும் அளவுக்கு அது வீட்டுக்குள்ளும் வந்திருக்கிறது.

இங்கிலாந்தில் இந்த வித்தை நெடுநாள் பழகியது. ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் பெருந்தொகுப்பு 1623இல் அச்சானது. அதன் படி ஒன்று அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா பொது நூலகத்தில் இருக்கிறது. யாரோ ஒருவர் அதன் ஓரங்களில் திருத்தங்களும் குறிகளும் போட்டிருந்தார். கிளேர் போர்ன் என்ற ஆய்வாளர் அந்தக் குறிப்புகளை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். அதில் இருந்த படங்களைப் பார்த்த கேம்பிரிட்ஜ் ஆசிரியர் ஜேசன் ஸ்காட்-வாரன், இது கவிஞர் மில்டனின் கையெழுத்து என்று 2019இல் அறிவித்தார். ஒப்பிட்டுப் பார்க்க மில்டன் தம் கையால் எழுதிய கவிதை ஏடு கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் பத்திரமாக இருந்தது. மில்டன் இளமையில் 'e' எழுத்தைக் கிரேக்க வடிவில் எழுதினார், 1638இல் இத்தாலிக்குப் போன காலத்தையொட்டி இத்தாலிய வடிவத்துக்கு மாறினார். அந்த ஓர் எழுத்தை வைத்தே அவர் எழுதிய காலத்தை அறிஞர்கள் பிரித்துவிடுகிறார்கள். எழுதியவர் பெயர் தெரியாமலே அந்தப் படி பல தலைமுறை காப்பாற்றப்பட்டிருந்தது. கிறுக்கல் என்று யாராவது அழித்திருந்தால்? சுத்தமான படிதான் மேல் என்று இதை விற்றுத் தள்ளியிருந்தால்? அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் அலமாரிகளை நினைத்துக்கொண்டேன்.

ஷேக்ஸ்பியர் என்றதும் இன்னொன்று. அதே ஸ்காட் ரோட்டுப் பெட்டிகளில் 'வெனிஸ் நகர வணிகன்' நாடகத்தின் பள்ளிப் பதிப்பு ஒன்று இருந்தது. சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வுக்குப் படித்த பையனுடையது. வரிகளுக்கு நடுவே, எறும்பு ஊர்வது போன்ற பொடி எழுத்தில் தமிழ்ப் பொருள். முதல் அங்கத்தில் நெருக்கமாக இருக்கும் குறிப்புகள் போகப் போகக் குறைகின்றன. பையனுக்கு ஆங்கிலம் பிடிபட்டுக்கொண்டு வருவது பக்கம் புரட்டப் புரட்டத் தெரிகிறது. நீதிமன்றக் காட்சியில், கருணையைப் பற்றிப் போர்ஷியா பேசும் இடத்துக்கு வந்ததும் ஓரத்தில் 'குறள் 57:2' என்று மட்டும் எழுதியிருக்கிறான். வெருவந்த செய்யாமை அதிகாரத்து இரண்டாம் குறள். தண்டிக்கும் கோலைக் கடுமையாக ஓங்கினாலும் மெல்ல விழச் செய் என்று ஆள்வோனுக்குச் சொல்வது. கருணை பற்றிய குறள் வேண்டுமென்றால் அருளுடைமையிலிருந்தோ கண்ணோட்டத்திலிருந்தோ எளிதாக ஒன்றை எடுத்திருக்கலாம். அவன் அரசனின் செங்கோலையும் கருணையையும் சேர்த்துப் பேசும் இடத்துக்குச் சரியாகப் பொருந்தும் குறளைத் தேடி எடுத்திருக்கிறான். எந்தத் தேர்விலும் அதற்கு மதிப்பெண் கிடைத்திருக்காது. காலனிய நாட்டுப் பள்ளியில் ஆங்கில இலக்கியம் எப்படிக் கற்பிக்கப்பட்டது என்று எழுதுகிறவர்கள் பாடத்திட்டத்தைப் பார்க்கிறார்கள், வினாத்தாளைப் பார்க்கிறார்கள். பையன் என்ன நினைத்துப் படித்தான் என்பதற்கு இப்படிப்பட்ட ஓரங்களைத்தான் பார்க்க வேண்டும். அச்சுப் படியாகப் பார்த்தால் அந்தப் புத்தகம் பழைய புத்தகக் கடையில் பத்து ரிங்கிட் பெறாது.

இந்தப் படிகளுக்கு எமன் பல உருவத்தில் வருகிறான். இராமபாணம் அட்டையிலிருந்து அட்டை வரை துளைத்துக்கொண்டு போகும். வெள்ளிப்பூச்சி தாளின் மேற்பரப்பைச் சுரண்டித் தின்னும். கோலாலம்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுக்க 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. 65ஐத் தாண்டினாலே பூஞ்சை கிளம்பும். பகலில் குளிர்சாதனத்தைப் போட்டு, சிக்கனம் என்று இரவில் அணைப்பது புத்தகத்துக்கு மிகவும் கெடுதல். குளிர்ந்த தாள் இரவெல்லாம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதைவிட மின்விசிறியும் திறந்த சன்னலும் நல்லது. பூச்சி விழுந்த பெட்டி வந்தால் நான் மருந்தடிப்பதில்லை. ஒவ்வொரு நூலையும் பாலிதீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி, ஆழ்உறை பெட்டியில் மைனஸ் 20 பாகையில் ஒரு வாரம் வைத்துவிடுவேன். வெளியே எடுத்த பின்பும் ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் அந்தக் குளிர்ந்த தாளின் மேல் நீர் கோத்துக்கொள்ளும்.

பூச்சியையும் ஈரத்தையும் சமாளித்துவிடலாம். கத்தியைத்தான் சமாளிக்க முடிவதில்லை. பழைய நூலுக்குப் புது அட்டை போட அனுப்பினால், பைண்டிங் கடையில் மூன்று பக்கமும் சீராக வெட்டித் திருப்பித் தருவார்கள். பார்வைக்கு அழகாக இருக்கும். திருவாசகப் படி ஒன்று அப்படி வெட்டுப்பட்டு என்னிடம் வந்தது. ஓரக்குறிப்புகளில் ஒவ்வொரு வரியிலும் கடைசி இரண்டு மூன்று எழுத்து இல்லை. 'இதற்குப் பொரு', 'நாவலர் பாட', 'அம்மா இறந்த அன்'. எந்த நாள் என்பது வெட்டுக் குப்பையோடு போய்விட்டது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எழுந்த கோபம் இன்னும் தணியவில்லை. பைண்டரைக் குறை சொல்ல மாட்டேன். வெட்டாதே என்று எழுதிக் கொடுக்காமல் அனுப்பியவர்தான் பொறுப்பு. ஓரம் வெட்டக் கூடாது என்று சீட்டில் எழுதி, நூலுக்குள்ளும் ஒன்று வைத்து, போய் நேரில் சொல்லிவிட்டும் வர வேண்டும்.

இந்த ஊரில் தமிழ் நூல்களைத் தேடித் தொகுக்கும் வேலைக்குப் பெரியவர்கள் போட்ட பாதை இருக்கிறது. தனிநாயகம் அடிகளார் 1961இல் மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறைக்கு வந்தார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்திக் காட்டினார். மாநாட்டைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே ஆண்டு அந்தத் துறை வெளியிட்ட ஒரு நூலைக் குறைந்த பேருக்குத்தான் தெரியும். அந்தாவோ தெ புரோயென்சா என்ற பாதிரியார் தொகுத்து, 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான தமிழ்-போர்த்துகீசிய அகராதி. அதன் படியை வத்திக்கான் நூலகத்தில் தனிநாயகம் அடிகளார் கண்டறிந்து, அப்படியே நிழற்பதிப்பாகக் கோலாலம்பூரில் கொண்டுவந்தார். மூன்று நூற்றாண்டுக்கு முன் வந்த அச்சுத் தமிழ் நம் ஊர் அலமாரியில் வந்து உட்கார்ந்தது. 1969இல் இராம சுப்பையா மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளியான தமிழ் நூல்கள், இதழ்களின் பட்டியலைத் தொகுத்தார். மலாயாப் பல்கலைக்கழக நூலகம் அதை வெளியிட்டது. பழைய நூல் ஒன்று கைக்கு வந்தால் இன்றும் நான் முதலில் புரட்டுவது அதைத்தான்.

எந்த நூல் எங்கே எப்போது அச்சானது என்ற கேள்விக்கு அவர்கள் விடை தேடினார்கள். அந்த நூலை இங்கே யார் படித்தார்கள், படித்தபோது என்ன எழுதினார்கள் என்ற கேள்வி எங்கள் தலைமுறைக்கு மிச்சம் இருந்தது. நாங்கள் அதைப் போதுமான அளவு செய்யவில்லை என்பது என் எண்ணம். கருவி இல்லாமலா? நூற்பட்டியல் முறையான மார்க்கில் 561 என்றொரு புலமே இருக்கிறது. ஒரு படி யாரிடமிருந்து யாரிடம் போனது என்று எழுதுவதற்கென்றே வைத்தது. நம் தமிழ்ப் பதிவுகளில் அந்தப் புலம் பெரும்பாலும் காலி. தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பக்கம் என்று நான்கைப் போட்டுவிட்டு அடுத்த நூலுக்குப் போய்விடுகிறோம். நான் பயிற்சி கொடுத்த பிள்ளைகளிடம் கறாராகச் சொல்லியிருக்கிறேன்: ஓரக்குறிப்பு உள்ள படிக்கு இன்னும் கால் மணி நேரம் செலவழியுங்கள். எந்தப் பக்கங்களில், எந்த மொழியில், பென்சிலா மையா, தேதி உண்டா, பெயர் உண்டா என்று எழுதுங்கள். மங்கிய பென்சிலாக இருந்தால் அறை விளக்கை அணைத்து, பக்கவாட்டிலிருந்து கைவிளக்கைத் தாழ்த்திப் பிடித்துப் பாருங்கள். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் தெரியாத அழுத்தத் தடம் அப்போது எழும்பி வரும்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். எதையும் அழிக்காதீர்கள், துடைக்காதீர்கள், டேப் ஒட்டாதீர்கள், வெயிலில் காய வைக்காதீர்கள். உள்ளே மடித்து வைத்திருக்கும் ரசீது, விபூதிப் பொட்டலம், 'தமிழ் நேசன்' வெட்டு, கோவில் நோட்டீஸ் எதுவானாலும் எந்தப் பக்கத்தில் இருந்ததோ அந்தப் பக்கத்திலேயே இருக்கட்டும். புத்தகங்களைத் தலைப்பு வாரியாக அடுக்க வேண்டாம், அலமாரியில் இருந்த வரிசையிலேயே பெட்டிக்கு மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் கைப்பேசியில் அலமாரியை ஒரு படம் எடுத்துவிடுங்கள். வைத்திருந்தவர் பெயர், எந்த ஊரிலிருந்து வந்தார், எங்கே வேலை பார்த்தார், எந்தப் பள்ளியில் படித்தார் என்று தெரிந்த அளவுக்கு ஒரு தாளில் எழுதி மேலே வையுங்கள். அவர் கைப்பட எழுதிய பழைய கடிதமோ காசோலை அடிக்கட்டையோ ஒன்று கிடைத்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள். ஓரத்தில் எழுதியது அவரேதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க எங்களுக்கு அது வேண்டும்.